டிக்கியில குடிவெச்ச பம்பு

ஆனை வாங்குனவன் அங்குசத்துக்கு அழுதானாம். அந்த ஆளு நம்ம சனந்தான்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். நீ அனுப்புன போட்டோவப் பாத்ததும் தெளிஞ்சுபோச்சு, மாப்ளே.

1970-ம் வருசத்து எம்ஜிபி. ரெண்டு பேரு உக்கார்ற வண்டி, தலைக்கு மேல துணி. அதுக்கு எத்தன பவுண்டு குடுத்தியோ, என்ற தங்கச்சிகிட்ட என்ன கணக்குச் சொன்னியோ, அதுக்குள்ள நான் வரல. வண்டி மேல எனக்கும் பாசந்தான். நம்மூரு அம்பாசிடருக்குள்ள ஓடுன 1489 சிசி எஞ்சினும், உன்ற வண்டியில இருக்கற 1798 சிசி எஞ்சினும் பிஎம்சிக்காரனோட பி-சீரிஸ்ங்கற ஒரே குடும்பம். அம்பாசிடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு கவுலியில பொறந்துச்சு. அங்கிருந்து கூப்புடு தூரம்னு சொல்ற மாதிரி இருக்கற ஆபிங்டன்ல உன்ற வண்டி பொறந்துச்சு. 1962-ல ஆரம்பிச்சு 1980 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளிப்போட்டுத்தான் அந்த வகைய நிறுத்துனாங்க. அம்பாசிடருக்குப் பங்காளி முறைங்கறதுனால, கோயமுத்தூர்ல ஒயரிங் கடையில வயசத் தொலைச்ச எனக்கும் அதைப் பத்தி வாயத் தொறக்க உரிமை இருக்குது. கேட்டுக்கோ.

பெட்ரோல் பம்ப டிக்கிக்கு இடம் மாத்துனது தப்பில்ல. அதை மொதல்லயே சொல்லிடறேன், இல்லீன்னா மாமன் எதைச் செஞ்சாலும் குத்தம் சொல்றான்னு உன்ற அம்மாகிட்ட மூஞ்சியத் தூக்குவ. அந்த எஸ்யூ பம்ப வண்டி செஞ்சவங்க வெச்ச எடம் அப்படி. வண்டிக்கு அடியில, வலது பின்சக்கரத்துக்கு முன்னால. சக்கரம் வாரி அடிக்கற சேறு, மழத்தண்ணி, குளிர்காலத்துல உங்க பிரிட்டன் ரோட்டுல கொட்டற உப்பு, எல்லாத்துக்கும் மொத வரிசையில மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்கும். நடுவழியில நின்னுபோச்சுன்னா, கோட்டு சூட்டுப் போட்ட துரை ரோட்டோரமா மண்டி போட்டு, கைய உள்ள வுட்டு, சுத்தியலோட கைப்புடியில பம்ப ரெண்டு தட்டுத் தட்டுவாரு. டக்கு டக்குன்னு உயிர் வந்துரும். அந்த மருவாதையான நாட்டுல மருவாதையானவங்க மண்டி போட்டது சர்ச்சுலயும் எம்ஜிபிக்குப் பக்கத்துலயும்னு சொன்னா, பாதி நெசம்.

தட்டுனா ஏன் உயிர் வருதுன்னு தெரியுமா? அந்தப் பம்புக்குள்ள ஒரு காயில், ஒரு டயாபிரம், ஒரு சோடி பாயிண்டு. கரண்டு போனா காயில் டயாபிரத்த இழுக்கும், பெட்ரோல் உள்ள வரும். கடசி வரைக்கும் இழுத்ததும் பாயிண்டு தொறந்து கரண்டு அறுந்துபோகும். இப்ப ஸ்பிரிங்கு டயாபிரத்தத் திருப்பித் தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். தள்ளி முடிச்சதும் பாயிண்டு மறுபடி சேரும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டக்கு. கார்புரேட்டர் ரொம்பி ஊசி அடைச்சுக்கிச்சுன்னா ஸ்பிரிங்கு தள்ள எடமில்லாம, பம்பு தானா நின்னுக்கும். யாரும் சொல்லோணும்னு இல்ல. போதும்னா நிறுத்திக்கற புத்தி அதுக்கு இருக்குது, நம்ம ஒறம்பரையில பல பேருக்கு இல்ல. அந்தப் பாயிண்டு கருகியோ ஒட்டியோ போனாத்தான் சுத்தியல் வைத்தியம்.

ஆகமொத்தம் பம்ப டிக்கிக்குள்ள கொண்டுபோனது நல்ல ரோசனை. காஞ்ச எடம், கை எட்டற எடம், மண்டி போட வேண்டியதில்ல. அதோட வுட்டயா? சத்தம் வண்டிக்குள்ள கேக்கப்படாதுன்னு பம்பச் சுத்தி ரப்பர் வெச்சு, அதுக்கு மேல பட்டை போட்டு மாட்டுன. பெட்ரோல் போற குழாயும் ரெண்டு பக்கமும் ரப்பர். பாக்கறதுக்கு அம்சமாத்தான் இருக்குது. சத்தம் கேக்கப்படாதுன்னு நெனச்ச, இப்ப சுத்தமாக் கேக்கறதில்ல. வண்டியும் கெளம்பறதில்ல.

போன்ல நீ என்ன சொன்ன? "மாமா, நிக்கறப்ப ஓடமாட்டேங்குதுங்க. எப்பிடியோ கெளப்பி ஓட்டுனா, இடது பக்கம் திரும்பறப்ப பம்பு டக்கு டக்குங்குது, வலது பக்கம் திரும்புனா நின்னுபோகுதுங்க. லூகாஸ் ஒயரிங்குங்க, அப்பிடித்தான் இருக்கும்." அப்பறம் அந்த லூகாஸ்காரன இருட்டுக்கு எளவரசன்னு இங்கிலீஷ்காரங்க சொல்ற பழைய நக்கல எனக்கே சொல்லிக் காட்டிச் சிரிச்ச.

நான் போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தேன். பம்புக்குப் பக்கத்துல ஜாக்கி படுத்திருக்குது. அதுக்கு அக்கட்டால ஜாக்கிக் கைப்புடி, பெயிண்டு உரிஞ்சு வெறும் இரும்பாக் கெடக்குது. இடது பக்கம் திரும்புனா டிக்கியில இருக்கறதெல்லாம் வலது பக்கம் நகரும். கைப்புடி ஒரு முனையில பம்புல முட்டும், இன்னொரு முனையில பாடியில முட்டும். உன்ற பம்புக்கு எர்த்து குடுக்கறது ஜாக்கிக் கைப்புடி, மாப்ளே! அம்பது வருசத்துக்கு முன்னால ஒயர் போட்டவன் பம்புக்கு ரெண்டு ஒயர் போட்டான். வெள்ளை ஒண்ணு, கருப்பு ஒண்ணு. நீ வெள்ளைய இழுத்துக் குடுத்துட்டு, கருப்பு எட்டலைன்னு அடியிலயே தொங்கவுட்டுட்ட. இரும்புப் பம்பு, இரும்பு வண்டி, எர்த்து தானா வந்துரும்னு நெனச்ச. நடுவுல ரப்பர் வெச்ச கையி யாரு கையி? இருட்டுக்கு எளவரசன் வேற எங்கியும் இல்ல, உன்ற சட்டைக்குள்ளதான் இருக்கறான்.

சிரிச்சு முடிச்சாச்சு. இப்ப அந்தக் கைப்புடிய எடுத்து வீட்டுல வையி. பெட்ரோல் ஆவி சேர்ற எடத்துல இரும்பும் இரும்பும் உரசிப் பொறி வுட்டா, உன்ற அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது அந்த வெள்ளை ஒயரு. பழைய ஒயரோட புது ஒயரச் சேக்கறதுக்கு ஒரு நீலக் கிளிப்பு போட்டிருக்கற. ஒயர உரிக்க வேண்டாம், உள்ள வெச்சு அமுக்குனாக் கடிச்சுப் புடிச்சுக்கும். நோகாம நோம்பி கும்புடறதுக்குன்னே கண்டுபுடிச்ச சாமானம். அது ஒயரோட நரம்புல பாதியக் கடிச்சுத் துப்பிரும். மீதிய ஈரம் தின்னுரும். கரண்டு வருதான்னு டெஸ்ட் லேம்ப்பு வெச்சுப் பாப்ப, பளிச்சுன்னு எரியும். எரியத்தான் செய்யும், சின்ன பல்புக்கு என்ன பெரிய கரண்டு வேணும்? பம்பு இழுக்கறப்பத்தான் வண்டவாளம் தெரியும். அந்த மூட்டுல ஒரே ஒரு ஓம் தடை இருக்குதுன்னு வெச்சுக்கோ. பம்பு 3 ஆம்பியர் கேட்டா 3 வோல்ட்டு அங்கியே சூடாப் போயிரும். 12 கெளம்பி 9 வந்து சேரும். ஊட்டுக்கு வர்ற வழியில கால்வாசிச் சம்பளத்தத் தொலைச்சுட்டு வர்றவன எந்தப் பொண்டாட்டி மதிப்பா? பம்பும் மதிக்காது. மெதுவா ஒரு டக்கு, அப்பறம் ரோசனை பண்ணி ஒரு டக்கு. நீ உடனே "பம்பு கெழடு தட்டிப்போச்சு"ன்னு புதுசு வாங்கப் போவ. புதுப் பம்பும் அதே 9 வோல்ட்டுலதான் அழுவும்.

அந்தக் கிளிப்ப வெட்டி எறி. பழைய ஒயருல பச்சை புடிக்காத செம்பு தெரியற வரைக்கும் பின்னால போ. கருப்பா இருந்தா இன்னுங் கொஞ்சம் வெட்டு. வண்டியோட மத்த மூட்டுங்க மாதிரியே புல்லட்டு முனை வெச்சு, அதுக்குன்னு இருக்கற கிரிம்பிங் பிளேயர்ல அமுக்கு. மூக்குக் கொறட்டுல நசுக்கிட்டு "அமுக்கியாச்சு மாமா"ன்னு சொல்லப்படாது. பத்த வைக்கலாமான்னு கேப்ப. அதிர்ற எடத்துல ஈயம் ஊறி நின்ன ஓரத்துல ஒயர் ஒடியும். அதுவுமில்லாம பெட்ரோல் டேங்குக்கு மேல உக்காந்துக்கிட்டு சூட்டுக்கோலக் கையில எடுக்கறவனுக்கு நான் புத்தி சொல்லத் தயாராயில்ல. புது ஒயரு 28 இழை, 2 சதுர மில்லிமீட்டர் வாங்கு. அத விடச் சன்னமானதே போதும்னு கணக்கு வரும். வரட்டும். மீட்டருக்கு நாலு காசு கூடக் குடுக்கறதுல குடிமுழுகிப் போயிராது.

பியூசு போட்டியா? போடல. உன்ற வண்டியில சாவியில இருந்து வர்ற வெள்ளை ஒயரு பியூசு வழியா வர்றதில்ல. இக்னிஷன் காயிலுக்கும் அதுதான், பம்புக்கும் அதுதான். அது வண்டியோட மூக்குல இருந்து வால் வரைக்கும் போற ஒயரு. வழியில எங்கியாவது உரசித் தோல் உரிஞ்சு பாடியில பட்டுச்சுன்னா, தடுக்க ஆளில்லாம அந்த ஒயரிங் கட்டே பொகையும். அதனால பம்புக்குப் பிரியற கிளையில, பிரியற எடத்துக்குப் பக்கத்துலயே ஒரு பியூசு போடு. ஒட்டுமொத்த வெள்ளைக்கும் போட்டயின்னா, பம்புல கோளாறு வந்தா காயிலும் சேந்து அணையும். 5 ஆம்பியர் போதும். பழைய லூகாஸ் கண்ணாடி பியூசுல 35-ன்னு எழுதியிருக்குதேன்னு அத எடுத்துச் சொருகாத. அந்த 35 உருகற கணக்கு, தொடர்ந்து தாங்கறது 17 தான். எப்பிடியிருந்தாலும் 3 ஆம்பியர் சாப்புடற பம்புக்கு அது காவல் இல்ல, வேடிக்கை பாக்கற ஆளு.

உன்ற கூட்டாளிக ரிலே வை, ரிலே வைன்னு சொல்றாங்கன்னு சொன்ன. எதுக்கு? இந்தப் பம்பு இழுக்கறத அந்தச் சாவி சுவிச்சு 1970-ல இருந்து சொமந்துக்கிட்டுத்தான் இருக்குது. நாளைக்கு அதிகக் கரண்டு திங்கற பெரிய பம்பு மாட்டுனா அப்ப வையி. ரிலே வெச்சா நாலு ஒயரு, நாலு மூட்டு. ஒரு எர்த்தே ஒழுங்காப் போடத் தெரியாதவன் நாலு மூட்டுப் போட்டா நான் தினமும் ராத்திரி போன எடுக்கோணும்.

அதுக்குப் பதிலா இனர்ஷியா சுவிச்சு ஒண்ணு வாங்கிப் பம்போட ஒயருல சேத்து வையி. உள்ள ஒரு இரும்புக் குண்டு, காந்தம் அதப் புடிச்சு வெச்சிருக்கும். வண்டி எங்கியாவது மோதுனா குண்டு காந்தத்த வுட்டு எகிறி சுவிச்சத் தட்டிரும், பம்பு நின்னுரும். மேல இருக்கற பொத்தான அமுக்குனா மறுபடி ஓடும். பின்னால இருந்து எவனாவது இடிச்சான்னா, டிக்கியில இருக்கற பம்புதான் மொத அடி வாங்கும். ஒடஞ்ச குழாயில பெட்ரோல அடிச்சுக்கிட்டே இருக்காம பாத்துக்கறதுக்கு இது வேணும். பம்ப எடம் மாத்துனவனுக்கு இது கடமை, அலங்காரம் இல்ல.

கெணத்து மோட்டார் பாத்து வளந்தவந்தான நீ? மோட்டாரக் கெணத்துக்குள்ள எறக்கி வெச்சது எதுக்கு, மேல வெச்சாக் காத்தோட்டமா இருக்காதா? பம்புக்குத் தள்ற அளவுக்கு உறிஞ்சறதுல தெம்பு இல்ல. இந்த எஸ்யூவும் அப்பிடித்தான். எங்க மாட்டுனாலும் டேங்க ஒட்டியே இருக்கோணும், உறிஞ்சற குழாய் குட்டையா இருக்கோணும். அந்தப் பக்கத்துல ஒரு கிளிப்பு லூசா இருந்தா பெட்ரோல் கீழ சொட்டாது, காத்து உள்ள போகும். சொட்டறதத் தேடிக்கிட்டு நீ தரையப் பாத்துக்கிட்டே இருப்ப. ரப்பர் குழாயும் பழசுன்னா மாத்து. உங்கூருல 2021 செப்டம்பர்ல இருந்து சாதாப் பெட்ரோல்ல 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்கறாங்க. பழைய ரப்பர அது தின்னுரும். ஆர்9-ன்னு போட்ட குழாயக் கேட்டு வாங்கு.

இன்னொண்ணும் உன்ற கண்ணுல படல. பம்புல ரெண்டு மூச்சு வாய் இருக்குது, ஒண்ணு பாயிண்டு மூடியில, இன்னொண்ணு உடம்புல. பம்பு வெளிய சேத்துல இருந்த காலத்துல, நல்ல காத்து வேணும்னு அதுல இருந்து குழாய் போட்டு டிக்கிக்குள்ள வுட்டிருந்தாங்க. இப்பப் பம்பே உள்ள வந்தாச்சு. கணக்கத் திருப்பிப் போடு. உள்ள டயாபிரம் கிழிஞ்சா ஆவி அந்த வாய் வழியாத்தான் வரும், அது டிக்கியில தேங்கப்படாது. அதனால குழாய் போட்டு வண்டிக்கு வெளிய, தண்ணி அடிக்காத எடத்துல கொண்டுபோய் வுடு. ஒயரு டிக்கித் தகரத்துல நொழையற ஓட்டைக்கு ரப்பர் புஷ் போடு. ஸ்டெப்னி டயரு ஒயர் மேல ஏறி உக்காராத வழியாக் கட்டு.

இனி அந்த எர்த்து. இதுதான் மொத்த வேலைக்கும் உசுரு. மொதல்ல சீட்டுக்குப் பின்னால மூடியத் தொறந்து பேட்டரி எர்த்தக் கழட்டிப்போடு. டிக்கியத் தொறந்து வெச்சுக் காத்தாட வுடு. கருப்பு ஒயரு ஒண்ணப் பம்போட எர்த்து ஸ்குருவுல இருந்து எடுத்து, பாடியில ஒரு நல்ல போல்ட்டு எடத்துக்குக் கொண்டுபோ. பின் நம்பர் பிளேட்டுப் பக்கத்துல, லைட்டுங்களோட கருப்பு ஒயரெல்லாம் வந்து சேர்ற போல்ட்டு இருக்கும், அது தோது. அங்க பெயிண்டு இருக்கும். பளபளன்னு உன்ற மனசுக்குப் புடிச்ச பச்சைப் பெயிண்டு. உப்புத்தாள எடு. ரூபாக் காசு அகலத்துக்கு வெறும் தகரம் வெள்ளையா மின்னற வரைக்கும் தேய்யி. மனசு வலிக்கும், தேய்யி. ஒயர் முனையில வளையம் அமுக்கி, பல்லு வாஷரு வெச்சு முறுக்கு. பல்லு தகரத்துல இறங்கறது கைக்குத் தெரியும். அப்பறம் வாசலின் ஒரு பூச்சு, துரு புடிக்காம இருக்க. பெயிண்டு மேலயே போல்ட்டப் போட்டு முறுக்கிட்டு "எர்த்து குடுத்தாச்சு"ன்னு சொல்றவன நான் கடைக்குள்ளயே வுட்டதில்ல.

எலக்ட்ரானிக் பம்பா இருந்தா ஒயரத் திருப்பிக் குடுத்துராத, கதை முடிஞ்சுரும். 1967 வரைக்கும் வந்த எம்ஜிபிக்குப் பாசிட்டிவ்தான் எர்த்து. உன்ற 1970-க்கு நெகட்டிவ். நடுவுல எவனாவது மாத்தியிருக்கலாம். பேட்டரியில எந்தக் கம்பி பாடிக்குப் போகுதுன்னு கண்ணால பாத்துட்டுத் தொடு.

எல்லாம் மாட்டிச் சாவியப் போட்டு, எஞ்சினக் கெளப்பாமக் காது குடு. மொதல்ல வேகுவேகுன்னு டக்கடிக்கும், அப்பறம் மெதுவாகும், நின்னுரும். அதுதான் ஆரோக்கியம். நிக்காம வேகமா அடிச்சுக்கிட்டே இருந்தா டேங்குல பெட்ரோல் இல்ல, இல்லீன்னா உறிஞ்சற பக்கம் காத்து. ரெண்டும் இல்லைன்னா முன்னால எங்கியோ கொட்டுது, ஓடிப்போய்ப் பாரு. சத்தமே இல்லைன்னா கரண்டு, எர்த்து, பாயிண்டு, இந்த வரிசையில தேடு. வரிசை முக்கியம். பாயிண்டுல இருந்து ஆரம்பிக்கறவன் பம்பத்தான் பிரிச்சுப் போடுவான்.

காது சொன்னத மீட்டர்ல உறுதி பண்ணிக்கோ. பம்பு ஓடறப்ப மீட்டரோட ஒரு முனைய பேட்டரி பாசிட்டிவ்லயும், இன்னொண்ணப் பம்போட வெள்ளையிலயும் வையி. அப்பறம் ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணப் பம்போட உடம்புலயும் வையி. டக்கு விழுகறப்ப முள்ளு ஆடும், அந்த நேரத்துல பாரு. டிஜிட்டல் மீட்டர்னா அதிகபட்சத்தப் புடிச்சு வைக்கற பொத்தான அமுக்கிக்கோ. ரெண்டையும் கூட்டுனா அரை வோல்ட்டுக்குள்ள இருக்கோணும். இருந்தா அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கு.

புதுப் பம்பு வாங்க ஆர்டர் போட்டிருக்கறன்னு சொன்னியே, அத நிறுத்து. உன்ற பம்புல ஒரு கோளாறும் இல்ல. வாங்க வெச்சிருந்த காசுல நல்ல கிரிம்பிங் பிளேயரும், மீட்டரும், நாலஞ்சு மீட்டர் ஒயரும், ஒரு உப்புத்தாளும் வாங்கு. மிச்சம் வர்றத உன்ற அம்மாவுக்கு அனுப்பு. பழைய வண்டி வெச்சிருக்கற மத்த புண்ணியவான்களுக்கும் சேத்தே சொல்றேன்: பம்பு ஓடலைன்னா பம்பக் கழட்டாதீங்க, மொதல்ல எர்த்தப் பாருங்க.